எண்பத்திரண்டு கிலோவுக்கான காற்று

செங்கல்பட்டில் என் வீட்டு இரும்பு பீரோவின் அடித்தட்டில், பழைய பனியன் துணியில் சுற்றி, சைக்கிளின் பின்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்றைப் பதினான்கு மாதம் வைத்திருந்தேன். ஒரு சாண் நீளம்தான் இருக்கும். பாதி கறுப்புக் குழாய், பாதி அதற்குள் போய்வரும் வழவழப்பான தண்டு, இரண்டு முனையிலும் போல்ட் நுழைய ஒவ்வொரு கண். தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், பிறந்த குழந்தைக்குப் போடும் வளையல் அளவில். ஆள் சைக்கிளில் உட்கார்ந்தால் ஷாக் அமுங்கும். அமுங்கும்போது வளையத்தைத் தள்ளிக்கொண்டு போகும். ஆள் இறங்கியதும் ஷாக் பழையபடி நீண்டுவிடும், வளையம் மட்டும் தள்ளிவிட்ட இடத்திலேயே நிற்கும். உட்கார்ந்தவரின் பாரத்துக்கு எவ்வளவு அமுங்கியது என்று அந்த இடைவெளியை அளந்து தெரிந்துகொள்ளலாம். என் அக்காவின் கணவர் கடைசியாக உட்கார்ந்து இறங்கியபோது அது பதின்மூன்று மில்லிமீட்டரில் நின்றது. அதற்குப் பிறகு நான் அதை நகர்த்தவில்லை. பீரோவைத் திறந்து வேட்டி எடுக்கும்போதுகூட அந்தத் துணிச்சுருளில் கை படாமல் பார்த்துக்கொண்டேன்.

மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். படூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எலெக்ட்ரீஷியன். பெயருக்குத்தான் எலெக்ட்ரீஷியன், லிஃப்ட் நின்றாலும், தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தாலும், பதினோராம் மாடியில் யாராவது குளியலறைக்குள் மாட்டிக்கொண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வீடு மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், திருக்கழுக்குன்றம் சாலையில். ஆள் நல்ல கனம். சட்டையின் நாலாவது பட்டன் எப்போதும் கொஞ்சம் திணறும். வாய் அதைவிடக் கனம். நான் மறைமலைநகரில் மோட்டார் சைக்கிளுக்கு ஷாக் அப்சார்பர் செய்யும் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருப்பவன். அவருக்கு அது வற்றாத கேலிப்பொருள். அக்கா வறுத்த மீனைத் தட்டில் வைத்ததும், "மச்சான், மொதல்ல நீ செக் பண்ணு. பாஸா ரிஜெக்டா சொல்லு, அப்பால நான் துன்றேன்" என்பார். பதினெட்டு வருடத்தில் இந்த ஒரே கேலியை எத்தனை முறை கேட்டிருப்பேனோ தெரியாது. ஒவ்வொரு முறையும் எனக்குக் கடுப்புதான் வந்தது. இப்போது அந்த வீட்டில் மீன் வறுத்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, சாப்பிட்டு எழுந்துவிடுகிறோம்.

அக்காவுக்கு நியாயவிலைக் கடையில் எடையாளர் வேலை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். அந்த ஊரில் பாதிப்பேர் வீட்டு அரிசியும் பருப்பும் அவள் கை பட்டுத் தராசில் ஏறித்தான் அடுப்புக்குப் போகிறது. பையைத் தூக்கிப் பார்த்தே, இது ரெண்டு கிலோ இல்லை, கொஞ்சம் குறைகிறது என்று சொல்லிவிடுவாள். தம்பி அளவு பார்ப்பவன், அக்கா எடை போடுபவள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் மாமா நடமாடிக்கொண்டிருந்தார்.

அந்தச் சைக்கிள் குடியிருப்பின் கீழ்த்தள வண்டி நிறுத்தத்தில் அநாதையாகக் கிடந்தது. மலைப்பாதையில் ஓட்டுகிற வகை. சிறுசேரியில் வேலை பார்த்த ஓர் இளைஞர் வாங்கி, நாலு நாள் ஓட்டி, வெளிநாட்டுக்குப் போய்விட்டார். குடியிருப்புச் சங்கத்தார் கேட்டதற்கு யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று பதில் அனுப்பினாராம். மாமாவுக்கு அப்போதுதான் சர்க்கரை வந்திருந்தது. நடக்கவாவது செய்யுங்கள், இல்லாவிட்டால் சைக்கிள் மிதியுங்கள் என்று மருத்துவர் விரட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சைக்கிள் எனக்கு என்று இவர் கையைத் தூக்கிவிட்டார். ஒரு லோடு ஆட்டோவில் அதை ஏற்றி, பட்டனைத் திணறவைத்துக்கொண்டு, ஒரு விடுமுறை நாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். பின் ஷாக் செத்துப்போயிருந்தது. எண்ணெய் கசிந்து, காற்று நிற்காமல், சைக்கிளின் பின்பாதி அப்படியே தரையை நோக்கி மடிந்து கிடந்தது. "பின்னாடி குந்திகினு கீது மச்சான். எழுப்பி வுடு" என்றார். ஷாக் கம்பெனியில் இருப்பவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்பது அவர் எண்ணம்.

உண்மையில் எனக்கு அது தெரியாத வேலை. நாங்கள் செய்வது ஸ்பிரிங்கும் எண்ணெயும் கொண்ட ஷாக்; இதில் ஸ்பிரிங்கின் இடத்தில் காற்று. ஒரு கண்ணின் நடுவிலிருந்து மறு கண்ணின் நடுவுக்கு எவ்வளவு நீளம், எவ்வளவு தூரம் அமுங்கும் என்று அளந்து, அதே அளவில் ஒன்றைத் தேடிப்பிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. வந்த ஷாக்கின் கண்ணில் செருகும் புஷ், சைக்கிள் சட்டத்தின் இடைவெளியைவிட மயிரிழை அகலமாக இருந்தது. உப்புத்தாளை வழவழப்பான கல்லின் மேல் விரித்து, அதில் தேய்த்துத் தேய்த்து வெர்னியரில் அளந்து, கையால் தள்ளினால் போய் உட்காரும் அளவுக்குக் கொண்டுவந்தேன். கிரீஸ் தடவி, பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, இரண்டு போல்ட்டையும் நுழைத்து, எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அவ்வளவே இறுக்கும் ரெஞ்சால் முறுக்கி, பெருமையோடு எழுந்து நின்றேன். பார்த்தால் காற்று அடிக்கும் வால்வு சட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. பம்பை நுழைக்க வழியே இல்லை. தலைகீழாக மாட்டியிருக்கிறேன். மாமா என் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, சைக்கிளின் சட்டத்தில் எழுதுவதுபோல் பாவனை செய்து, "ரிஜெக்ட்" என்றார். மறுபடி கழற்றி மாட்டினேன்.

காற்று அளவுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஓட்டுபவரின் எடையைப் பவுண்டில் சொன்னால் எத்தனை வருமோ, அத்தனை பவுண்டு காற்றை அடித்துவிட்டு, அங்கிருந்து கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். எடை எவ்வளவு மாமா என்று கேட்டேன். எம்பத்திரெண்டு என்றார். நூற்றெண்பது பவுண்டு அடித்தேன். அடுத்ததாக, ஆள் சும்மா உட்கார்ந்தாலே ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் sag என்று ஒரு சொல் இருக்கிறது. ஷாக்கின் மேல் ஒட்டியிருந்த தாளில் அந்த மூன்று எழுத்தையும் மாமா கூட்டிப் படித்து, 'சாக்' என்று உச்சரித்தார். பிறகு அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. "சாக் பாக்கணும்னு உங்கக்காகிட்ட சொன்னா, ஏன்டா சாகப் பாக்கறன்னு கேக்கும்" என்றார். அதன்பின் எங்கள் இருவருக்கும் அதற்கு அதுவே பெயராயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அலுங்காமல் இறங்கச் சொன்னேன். பதினைந்து மில்லிமீட்டர். இருக்க வேண்டிய அளவு அதுதான். ஒரு வெள்ளை டேப்பைக் கிழித்துச் சட்டத்தில் ஒட்டி, மேலே 82 கிலோ என்றும், அதன் கீழ் 180 என்றும் எழுதினேன். அளந்ததை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அவர் ஓட்டுவார் என்று நான் நம்பவில்லை. ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு டி-ஷர்ட்டுக்கு மாறி, சவுக்குத் தோப்புகளுக்குள் புகுந்து, மணலில் மிதித்து, சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் பாறைக் குன்றுகளில் ஏறி இறங்கிவிட்டு வருவார். வந்ததும் பாறையில் இறங்கும்போது பின் சக்கரம் எப்படி மெத்தைமேல் விழுந்ததுபோல் விழுந்தது என்று ஒரு மணிநேரம் விவரிப்பார். பாதி பொய் என்று தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு நான் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சைக்கிளைக் கழுவி, போல்ட்டுகளைப் பார்த்து, அவரை உட்காரவைத்துச் 'சாக்' அளப்பேன். பிறகு சாப்பாடு. அந்த ஞாயிறுகள் எனக்குப் பிடித்திருந்தன. சொல்லியிருந்தால் அதையும் கேலி செய்திருப்பார்.

மூன்றாம் மாதம் வளையம் பதினைந்துக்குப் போகவில்லை. பதினாலரையில் நின்றது. ஷாக் கொஞ்சம் விறைத்துக்கொண்டதாக நினைத்துக் காற்றை இறக்கினேன். நூற்று எழுபத்தைந்தில் வளையம் சரியான இடத்துக்கு வந்தது. டேப்பில் எழுதினேன். அடுத்த மாதம் நூற்று அறுபத்தெட்டு. அதற்கு அடுத்த மாதம் நூற்று அறுபது. இரண்டு பேரும் சைக்கிளின் இரண்டு பக்கமும் குந்தி உட்கார்ந்து காரணம் தேடினோம். காரணம் கையோடு இருந்தது: உப்பு. கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்றைத் தவிர வேறு எதிரி கிடையாது. அக்கா வீட்டு கேட் நான்கு வருடத்தில் அரித்துப்போனது, பிரிட்ஜின் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்தது, ஏசியின் வெளிப்பெட்டி இரண்டு கோடையைத் தாண்டவில்லை. ஜிப் மாட்டிக்கொண்டால் உப்பு, சாவி திரும்பாவிட்டால் உப்பு, டிவியில் கோடு விழுந்தால் அதற்கும் உப்பு. "உப்புதான் மச்சான், உள்ள பூந்துச்சி" என்றார் மாமா. நானும் தலையாட்டினேன். உப்பு ஏறினால் ரப்பர் சீல் வறண்டு இறுகும், அமுங்க மறுக்கும். சொல்லிப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது.

நான் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் எழுத வேண்டும். புஷ்ஷை மாற்றினேன். போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி இறுக்கினேன். பம்பிலுள்ள முள்தான் பொய் சொல்கிறதோ என்று சந்தேகப்பட்டு, அதைத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய், எங்கள் தலைமை அளவுமானியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். முள் ஒரு பவுண்டுகூடப் பிசகவில்லை. அவ்வளவு சரியான முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடியும் உப்பைத்தான் திட்டினேன். எங்கள் சோதனை மேடையில் ஒரு பெரிய இரும்புக் கட்டை இருக்கிறது. அதன் எடையை அதன் முதுகிலேயே பொறித்திருப்பார்கள். அந்தக் கட்டையை ஒவ்வொரு ஷாக்கின் மேலும் இறக்குவோம். அமுங்கும் அளவு மாறினால் ஷாக்கை ஒதுக்கிவிடுவோம். கட்டை மாறியிருக்குமோ என்று யாரும் கேட்பதில்லை. பதினெட்டு வருடம் அப்படியே பழகிய கை. ஒவ்வொரு மாதமும் மாமாவிடம் எடை கேட்டேன். ஒவ்வொரு மாதமும் எம்பத்திரெண்டு என்றார். எப்போதோ வேலை செய்யும் இடத்தில் நடந்த மருத்துவ முகாமில் அட்டையில் எழுதிக்கொடுத்த எடை அது. அவரும் தன் முதுகில் பொறித்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

ஆள் இளைத்தது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். சட்டையின் நாலாவது பட்டன் திணறுவதை விட்டது. ஆலயத்தில் பெண்கள் அக்காவிடம் என்ன சமைக்கிறாய் என்று விசாரித்தார்கள். குடியிருப்பில் யாரோ கைகுலுக்கினார்களாம். நானே, "நல்லா இளைச்சிட்ட மாமா, கல்யாணத்தப்ப இருந்த மாதிரி கீற" என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டுக் குனிந்து, 82 என்று எழுதிய டேப்பின் அடியில் இன்னொரு குறைந்த எண்ணை எழுதினேன். கண்ணால் பார்த்தது ஒரு அறையிலும் கையால் அளந்தது ஒரு அறையிலுமாக இருந்தன. நடுவில் கதவைத் திறக்க எனக்குத் தோன்றவில்லை. கண்ணால் பார்ப்பது கணக்கில் சேராது என்பது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் ஊறிப்போன ஒன்று.

ஆறாம் மாதம் முதுகு வலிக்கிறது என்றார். நடு முதுகில், உள்ளே, படுத்தால் அதிகமாகிறது என்றார். அந்த மாதம் இரண்டு ஞாயிறுதான் ஓட்டினாராம். "ஷாக் விறைப்பா கீது, அதான் அடி நேரா முதுகுல ஏறுது" என்று சொன்னவன் நான். எட்டு பவுண்டு காற்றை இறக்கினேன். வால்விலிருந்து சீறிக்கொண்டு போன காற்றைப் பார்த்து, வலியே போவதுபோல அவர் முகம் தெளிந்தது. அடுத்த மாதம் நூற்று நாற்பத்தைந்துக்கு இறக்கினேன். அன்று அவர் சுவரைப் பிடித்து ஏற இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. வலி எப்படி என்றேன். பரவாயில்லை மச்சான், நீ காத்த எறக்குனதுக்கு அப்பால கொஞ்சம் தேவல என்றார். என் மனம் நோகக் கூடாதென்று சொன்னாரோ, நிஜமாகவே நம்பினாரோ, தெரியவில்லை. மனிதருக்கு வந்த வலிக்குச் சைக்கிளுக்கு வைத்தியம் பார்த்தேன். வேறு எப்படி இதை எழுதுவது?

அதற்கு அடுத்த முதல் ஞாயிறு வளையம் பதின்மூன்றில் நின்றது. எனக்குப் பொறுமை போய்விட்டது. இனிக் காற்றை இறக்கிப் பயனில்லை, சீல் மொத்தமாகப் போய்விட்டது, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்துப் பார்த்துவிடுகிறேன் என்று ஷாக்கைக் கழற்றினேன். சைக்கிளின் பின்பாதி மறுபடி மடிந்து உட்கார்ந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேலி ஒன்றும் செய்யவில்லை. கேலி செய்யாததை நான் கவனித்தேன். அதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

அந்த ஷாக்கை நான் பிரிக்கவே இல்லை. பத்து நாளில் அவர் கண் மஞ்சளித்தது. காமாலை என்று அக்கா ஒரு வாரம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் செங்கல்பட்டுக்குக் கூட்டிவந்து மருத்துவமனையில் காட்டினோம். உள்ளே அனுப்புமுன் ஒரு நர்ஸ் அவரைத் தராசில் ஏற்றினார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார் மாமா, கோயிலுக்குள் போகிறவர்போல. அறுபத்தொன்று என்றார் நர்ஸ். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்குக் கணக்கு தானாக ஓடும், நிறுத்த முடியாது. அறுபத்தொரு கிலோ என்றால் நூற்று முப்பத்துநாலு பவுண்டு. கடைசியாக எழுதியது நூற்று நாற்பத்தைந்து. வளையம் இன்னும் இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. வழக்கம்போலக் காற்றை இறக்கியிருந்தால் ஏறக்குறைய அங்கேதான் போய் நின்றிருக்கும். அந்த ஷாக் ஒருநாளும் கெட்டுப்போகவில்லை. உப்பும் புகவில்லை. மாதாமாதம் அது அவரைச் சரியாக நிறுத்துச் சொல்லிக்கொண்டிருந்தது, நான் என் கையெழுத்திலேயே அதை எழுதிக்கொண்டிருந்தேன்.

கணையத்தில் கட்டி என்று சொன்ன அன்று, எடை எப்போதிலிருந்து குறைகிறது என்று மருத்துவர் கேட்டார். ஒரு மாதமாகத்தான் சார் என்றாள் அக்கா. ஏழு மாதத்துக்கான எண்கள் என் தலையில் வரிசையாக இருந்தன. நான் அவற்றைச் சொல்லவில்லை. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று மட்டும் கேட்டேன். சொல்ல முடியாது, வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். அந்தப் பதிலை எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் அது எனக்குச் சரியாகப் பொருந்தவில்லை. மாமா அதற்குப் பிறகு ஐம்பது நாள்கூட இருக்கவில்லை. கடைசி வாரத்தில், பேச்சு மெலிந்துபோய், என் கையைச் சுரண்டி ஷாக்கைப் பிரித்துப் பார்த்தாயா என்று கேட்டார். சரியாகிவிட்டது மாமா, அடுத்த ஞாயிறு மாட்டிவிடலாம் என்றேன். "சாக் பாக்கணும்ல" என்றார். அவர் சிரித்தாரா என்று முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: "திடீர்னு வந்துட்ச்சி, யாருக்கும் ஒண்ணும் தெரியல." அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நிற்கிறாள் என்று எனக்குப் பட்டது. அதைப் பொய்யாக்கும் டேப் அவள் வீட்டு நடையிலேயே, மடிந்து கிடக்கும் சைக்கிளின் சட்டத்தில் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு முறை போகும்போதும் அதைக் கிழித்துவிட நினைப்பேன். டேப்பின் ஓரத்தில் நகத்தை வைப்பேன். எழுதிய அளவைக் கிழிப்பவனுக்கு எங்கள் தொழிலில் மன்னிப்பில்லை. கிழிக்கவும் முடியாமல், சொல்லவும் முடியாமல் ஒரு வருடம் அந்த வீட்டுக்குப் போய்வந்தேன்.

முதலாம் ஆண்டு நினைவு ஜெபம் முடிந்த மறுவாரம் அவளே போன் செய்தாள். ஓட்டுவதற்கு யாருமில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் நடையில் அது பின்பக்கம் குந்திக்கொண்டிருப்பதை இனிமேல் தினம் பார்க்க முடியாது, வந்து எழுப்பி நிறுத்து என்றாள். மாமா சொன்ன அதே சொல். போன மாதம் முதல் ஞாயிறு, பனியன் துணியோடு ஷாக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை மடியிலேயே வைத்திருந்தேன், வளையம் எதிலும் உரசிவிடக் கூடாதென்று.

அக்கா பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தாள். வால்வு இந்த முறை வெளிப்பக்கம் பார்த்திருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்து, மேல் போல்ட்டை நுழைத்தேன். கீழ்க் கண் கொஞ்சம் தள்ளி நின்றது. அவளைச் சக்கரத்தை ஒரு விரற்கடை இறக்கச் சொல்லி, ஓட்டைகள் நேராகும் கணத்தில் போல்ட்டைத் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. ரெஞ்சால் முறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் சட்டத்தின் அருகே குனிந்தாள்.

"இன்னாடா இது, எய்தி வெச்சிகீற?"

காத்து என்றேன். அவள் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். எடை போடுகிறவளின் விரல். "எறங்கினே வந்துகீதே. காத்து ஏன் எறங்கணும்?"

உப்பு என்று சொல்லியிருக்கலாம். அந்த ஊரில் அதைவிடப் பெரிய பதில் கிடையாது. சொல் நாக்கு நுனிவரை வந்தது. ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டேன்.

"அது காத்து மட்டும் இல்லக்கா. மாமாவோட எடை. கிலோவ பவுண்டுல போட்டா அந்த நம்பருதான் வரும். ஏழு மாசம் என் கையாலதான் எய்தினேன். எனக்கு அப்பப் புரியல. ஆஸ்பத்திரில புரிஞ்சிது. டாக்டர் கேட்டப்ப சொல்லல."

அவள் நிமிரவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் தேவலை என்றிருந்தது. எழுந்து உள்ளே போனாள். பீரோ கதவின் சத்தம் கேட்டது. திரும்பி வந்து மாமாவின் சீருடைப் பேண்ட் ஒன்றை என் மடியில் போட்டாள். இடுப்புப் பட்டியை மறுபக்கம் திருப்பிக் காட்டினாள். பின் நடுவில் ஒரு தையல். அதற்கு உள்ளே ஒரு விரற்கடை தள்ளி இன்னொரு தையல். அதற்கும் உள்ளே மூன்றாவது. மூன்றும் மூன்று நிற நூல்.

"மூணு தபா புடிச்சிக் குடுத்தேன்டா. மொத தபா தீவாளிக்கு மின்ன. டாக்டராண்ட ஒரு மாசம்னு சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன்."

நடையில் அந்தப் பக்கம் டேப்பும் இந்தப் பக்கம் பேண்ட்டுமாக நாங்கள் உட்கார்ந்திருந்தோம். இரண்டிலும் ஒரே மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தார். என் பாவத்தை அவள் பங்கு போட்டுக்கொண்டாள் என்றோ, பாரம் இறங்கிவிட்டது என்றோ சொல்ல மாட்டேன். இறங்கவில்லை. ஒருவர் பார்த்திருந்தால் தவறிவிட்டது என்றாவது சொல்லலாம். இரண்டு பேர், அளப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள், தனித்தனியாகப் பார்த்துவிட்டு ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் இருந்திருக்கிறோம். அன்று சாயங்காலம்வரை அவள் அழுதாள். நானும் அழுதேன். ஆனால் திடீர்னு வந்துட்ச்சி என்று அவள் அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லிக் கேட்கவில்லை.

கிளம்புமுன் பம்பை எடுத்தேன். ஓட்ட ஆளில்லாத சைக்கிளுக்கு எவ்வளவு காற்று அடிப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். எந்த எடைக்கு என்று அவளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எம்பத்திரெண்டுக்கே அடி" என்றாள். முள் நூற்றெண்பதைத் தொடும்வரை அடித்தேன். சைக்கிள் இன்னும் விறைப்பாக நிமிர்ந்து நின்றது. டேப்பில் ஒன்றும் எழுதவில்லை.

இந்த மாதம் முதல் ஞாயிறும் போனேன். நடையில் புதிதாக ஓர் எடைத் தராசு கிடந்தது, ஆள் ஏறி நிற்கிற வகை. நான் செருப்பைக் கழற்றியதுமே அக்கா அதைக் காலால் என் பக்கம் தள்ளினாள். எழுபத்தொன்றுதான் அக்கா, போன மாதம்கூடப் பார்த்தேன் என்றேன். "சொல்ற நம்பரு வாணாம். ஏறு" என்றாள். ஏறினேன். குனிந்து அவளே படித்தாள். பிறகு நான் இறங்க, அவள் ஏற, நான் குனிந்து படித்தேன். மீன் வறுத்திருந்தாள், சாப்பிட்டோம். கைகழுவிவிட்டு வந்து ஷாக்கைப் பார்த்தேன். உள்ளே எண்பத்திரண்டு கிலோவுக்கான காற்று இருக்கிறது. வெளியே வளையம் பதின்மூன்றில் நிற்கிறது. இன்னொருவர் ஏறி உட்கார்ந்தால் அது நகர்ந்துவிடும். உட்கார வேண்டாம் என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் இதுவரை உட்காரவுமில்லை.